மேலவரிசையில் பதினேழு வீடுகள்

புதன், ஜூலை 3

நான் புல்டோசருக்கு முன்னால் படுக்கவில்லை.

இதை முதலில் எழுதி வைக்கிறேன். இருபத்தெட்டு வருடமாக இந்தத் தெரு அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இன்று அது நோட்டீஸில் அச்சாகியும் வந்துவிட்டது. அது புல்டோசர் அல்ல, ரோடு ரோலர். ஓடவும் இல்லை. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். செருப்புக்குள் ஜல்லி புகுந்துவிட்டதால் அதை உதறுவதற்காக ரோலரின் படியில் ஒரு நிமிடம் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு பத்திரிகைக்காரர் படம் எடுத்துவிட்டார். நான் பொது இடத்தில் படுக்கிறவள் அல்ல.

நோட்டீஸைக் கொண்டுவந்தவள் வசுமதி. தெருவின் எதிர்ப்பக்கமான மேலவரிசையில் மருமகளாக வந்தவள், இன்சூரன்ஸ் ஏஜெண்ட், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். வருகிற 28ஆம் தேதி ஞாயிறு மாலை, மொட்டைப் பாலத்துக்குக் கீழே போட்டிருக்கும் பூங்காவுக்கு ‘வீரத்தாய் பெனடிக்டா சவரிராயன் பூங்கா’ என்று பெயர் வைக்கப் போகிறார்களாம். எனக்குப் பிள்ளைகள் இல்லை. தாய் என்பதே தவறு. வீரத்தைப் பிறகு பார்க்கலாம்.

“ஆன்ட்டி, நோட்டீஸ் எப்படி இருக்கு?”

“ஆறு தப்பு இருக்கு. பென்சில்ல வட்டம் போட்டிருக்கேன்.”

“அச்சடிச்சாச்சே ஆன்ட்டி. ஆயிரம் காப்பி.”

“அப்போ ஆறாயிரம் தப்பு.”

மொட்டைப் பாலம் என்பது எங்கள் தெருவின் தெற்கு முனையில் நிற்கும் மூன்று தூண்களும் அவற்றின் மேல் கிடக்கும் ஒரு துண்டுப் பாலமும். ஊருக்குக் குறுக்கே ஆறு மைல் நீளத்துக்கு மேம்பாலச் சாலை ஒன்று போடுவதாக 1996இல் திட்டம். அது எங்கள் சேசுராயபுரத்தை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போயிருக்கும். தெரு எதிர்த்தது, சாலை நின்றது. மிச்சம் இந்தத் துண்டு. அதில் ஏறி எங்கும் போக முடியாது. மிளகாய் காயவைக்கலாம்.

வியாழன், ஜூலை 4

இட்லி மாவு புளித்துவிட்டது. கண் சொட்டு மருந்து இரண்டு வேளை போட்டேன். மூன்று வேளை போடச் சொன்ன டாக்டருக்கு வயது முப்பதுதான் இருக்கும்.

சனி, ஜூலை 6

மாசிலாமணி வந்தார். ரைஸ் மில் முதலாளி, போராட்டக் குழுத் தலைவர். போராட்டம் முடிந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அவர் இன்னும் தலைவர்தான்.

நான் விழாவில் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். அதற்கு முன் அவர் நாற்பது நிமிடம் பேசுவாராம். ஒத்திகைபோல என்னிடமே ஆரம்பித்துவிட்டார்.

“ஆபீசர் என் மில்லு சுவத்துல சிவப்பு பெயின்ட்ல நாப்பத்திரெண்டுன்னு எழுதுறான் மேடம். இடிக்கப்போற வீட்டுக்கெல்லாம் நம்பர். என் கண்ணு முன்னாடியே எழுதுறான். சட்டையைப் பிடிச்சிட்டேன்.”

“என்ன கலர் சட்டை?”

“வெள்ளை.”

“போன வருஷம் நீலம்னு சொன்னீங்க.”

“வெள்ளையில நீலக் கோடு மேடம்.”

அப்படி ஒரு அதிகாரியை மாசிலாமணி பார்த்திருக்க வழியே இல்லை. எனக்கு எப்படித் தெரியும் என்பது வேறு விஷயம்.

நோட்டீஸில் இல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். சாலைக்காரர்கள் முதலில் நம்பர் போட்டது எங்கள் கீழவரிசையில் மட்டும்தான், ஒன்றிலிருந்து நாற்பத்தொன்றுவரை. என் வீடு இருபத்துமூன்று. அந்த வாரம் நாங்கள் மனு எழுதிக்கொண்டு எதிரே மேலவரிசைக்குக் கையெழுத்துக் கேட்டுப் போனபோது இதே மாசிலாமணி சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. “ரோடு வந்தா நம்ம ஏரியாவுக்கே மதிப்பு மேடம். உங்க சைடு கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்.” நாற்பத்தொரு வீடு அவருக்குக் ‘கொஞ்சம்’.

மேலவரிசையில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஒருத்தி போட்டாள்.

ஞாயிறு, ஜூலை 7

பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனம். புதுச் சாமியார், சின்ன வயது.

“சுவரை அழுக்காக்கினேன் சாமி.”

“இதை ஈஸ்டருக்கும் சொன்னீங்களேம்மா.”

“இருக்கலாம்.”

“எத்தனை சுவரும்மா?”

“பதினேழு.”

கம்பித் திரைக்குப் பக்கத்தில் அவர் தலை சாய்ந்தது. பிறகு, “யார் வீட்டுச் சுவர்?” என்றார்.

“பின்னால வரிசையில ஆள் நிக்கிறாங்க சாமி,” என்று எழுந்துவிட்டேன். முன்பிருந்த சாமியார்கள் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி விட்டுவிடுவார்கள்.

செவ்வாய், ஜூலை 9

வசுமதி பழைய குடியிருப்பாளர்களுக்கெல்லாம் போன் செய்து அழைக்கிறாளாம். பட்டியலை வாசித்தாள். பாதிப் பேர் செத்துவிட்டார்கள். அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“மரகதம்னு ஒருத்தங்க ஆன்ட்டி. நாப்பத்தேழாம் நம்பர் வீடு. இப்போ கரூர்ல மக வீட்ல இருக்காங்க. வயசானாலும் கணீர்னு பேசுறாங்க. உங்க பேரைச் சொன்னேன். லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன்.”

“அப்புறம்?”

“அவ கூப்பிட்டா வர்றேன்னாங்க. ஆனா எழுதிக் கேக்கணுமாம். வாயால சொன்னா நாளைக்கு மாத்திச் சொல்லுவா, அதனால காகிதத்துல எழுதச் சொல்லுன்னாங்க.” வசுமதி என் முகத்தைப் பார்த்தாள். “தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி. அவங்க சொன்னதைச் சொன்னேன்.”

“நோட்டீஸ் அனுப்பிட்டேல்ல? அது காகிதம்தான். போதும்.”

மரகதம் எதிர்வீட்டுக்காரி. மனுவில் கையெழுத்துப் போட்ட அந்த ஒருத்தி. கான்வென்டில் ஆறாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்புவரை நானும் அவளும் ஒரே பெஞ்ச். கல்யாணமாகி இருவரும் ஒரே தெருவுக்கு எதிரெதிர் வீட்டுக்கு வந்தது தற்செயல் என்று எங்கள் வீட்டுக்காரர்கள் கடைசிவரை நம்பினார்கள். 1996இல் அவள் புருஷன் வீட்டை மாசிலாமணிக்கு விற்றுவிட்டார். இப்போது அது மில்லின் நெல் கிடங்கு. அவர்கள் கிளம்பிய அன்று எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டூட்டி. அதனால் வழியனுப்ப முடியவில்லை.

போனில் கூப்பிடலாமே என்று வசுமதி கேட்டாள். முப்பத்திரண்டு வருடம் ஊர்க்காரர்களின் பேச்சை இணைத்துக் கொடுத்தவள் நான். போனில் யார் எவ்வளவு உண்மை பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அது மரகதத்துக்கும் தெரிந்திருப்பதுதான் எரிச்சல்.

எழுதப் போவதில்லை.

புதன், ஜூலை 10

கேஸ் சிலிண்டர் வந்தது. வாஷர் பழசு. மாற்ற வைத்தேன்.

வியாழன், ஜூலை 11

கண்காட்சிக்காகப் பழைய படங்களைப் பெரிதாக்கி அட்டையில் ஒட்டி வசுமதி கொண்டுவந்தாள். ரோடு ரோலர் படத்தில் என் புடவை நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த படத்தைப் பார்த்த பிறகு அவளைச் சீக்கிரம் அனுப்பிவிட்டேன். அட்டை இப்போது சாப்பாட்டு மேஜையில் சாய்ந்து நிற்கிறது. நான் இன்னும் சாப்பிடவில்லை.

எழுதிவிடுகிறேன்.

1996, பெரிய வெள்ளி, மத்தியானம் மூன்று மணி. கீழவரிசை முழுவதும் கோயிலில். மேலவரிசை முழுவதும் சாப்பிட்டுவிட்டுத் தூக்கத்தில். கோயிலில் எனக்கு டூட்டி என்றும், எக்ஸ்சேஞ்சில் எனக்குக் கோயில் என்றும் சொல்லியிருந்தேன். வீட்டு கேட்டுக்கு அடிக்க வாங்கிய சிவப்பு பெயின்ட் பாதி டப்பா மிச்சம் இருந்தது. குடையை விரித்துக்கொண்டு இறங்கினேன். மில் சுவரில் 42. அடுத்த வீட்டில் 43. சாலைக்காரர்கள் போட்டதுபோலவே வட்டத்துக்குள். 58 எழுதியதும் டப்பா தீர்ந்தது. பதினேழு வீடுகளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு நாய் மட்டும் கூடவே வந்தது.

மாலையில் என் வீட்டுக்காரர் சவரிராயன் கோயிலிலிருந்து வந்தார். தெருவைப் பார்த்தார். என் நகத்தைப் பார்த்தார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கொண்டுவந்து நீட்டினார். “கட்டை விரல்ல இன்னும் இருக்கு,” என்று மட்டும் சொன்னார். நல்ல மனிதர்.

ஐந்து மணிக்கெல்லாம் மாசிலாமணி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். “மேடம், அந்த மனு எங்க?”

செவ்வாய்க்கிழமை சாலைக்காரர்கள் வந்தார்கள். காகிதத்தில் நாற்பத்தொன்று, சுவரில் ஐம்பத்தெட்டு. இருவர் தெருவில் இரண்டு தடவை நடந்து எண்ணினார்கள். கூடுதலாக எழுதியது மற்றவர்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும். கடைசியில் காகிதத்தைத் திருத்திக்கொண்டு போனார்கள். நான் அதை எதிர்பார்க்கவில்லை. அந்த நிமிடத்திலிருந்து என் பதினேழும் நிஜமான பதினேழு.

அதற்குப் பிறகு ஊர் அறிந்ததுதான். உண்ணாவிரதம், மனிதச் சங்கிலி, வழக்கு, இரண்டு வருடம்.

இப்போது படம். மேலவரிசைக்காரர்கள் ஒவ்வொருவரும் தங்கள் சுவர் எண்ணுக்குப் பக்கத்தில் நின்று பத்திரிகைக்குக் கொடுத்த போஸ். மரகதம் தன் சுவரோரம் நிற்கிறாள். 4 முழுதாகத் தெரிகிறது. 7இன் தலை தெரிகிறது, வால் தெரிகிறது. இடுப்பு தெரியவில்லை. அதன் மேல் உள்ளங்கையை விரித்து வைத்திருக்கிறாள்.

எங்களுக்கு எழுத்துப் பழக்கிய மதர் லியோகாடி பெல்ஜியத்திலிருந்து வந்தவர். ஏழு எழுதினால் நடுவில் குறுக்கே ஒரு கோடு இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் கணுவில் ஸ்கேல். சேசுராயபுரத்தில் அப்படி ஏழு எழுதியவர்கள் இரண்டே பேர்.

வெள்ளி, ஜூலை 12

மரகதத்துக்குச் சுவரில் சாய்ந்து நிற்கிற பழக்கம் உண்டு.

சனி, ஜூலை 13

நேற்று எழுதியது பொய். மதர் லியோகாடியிடம் படித்த யாரும் சுவரில் சாயமாட்டார்கள்.

அவள் பார்த்த உடனே தெரிந்துகொண்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேலவரிசை அன்றைக்கே கலைந்து தூங்கப் போயிருக்கும், கீழவரிசை தரைமட்டமாகியிருக்கும். அவள் கையை எடுத்திருந்தால் என் வீடு போயிருக்கும். எடுக்கவில்லை. அவள் வீடு போயிற்று.

மத்தியானம் வெறும் ரசம் சாதம்.

திங்கள், ஜூலை 15

மில்லுக்குப் போனேன். பொய்க் கதைக்கு என் பெயரில் பூங்கா வேண்டாம் என்று முடிவு. முதலில் தலைவரிடம் சொல்வதுதான் முறை.

“மாசிலாமணி, உங்க சுவத்துல நாப்பத்திரெண்டு எழுதினது நான்.”

அவர் உடனே ஃபேனை என் பக்கம் திருப்பினார். “வெயில்ல நடந்தா வந்தீங்க மேடம்?”

“பெரிய வெள்ளி, மூணு மணி. ரெண்டு இன்ச் பிரஷ்.”

“ஆபீசரை நான் சட்டையைப் பிடிச்சேனே மேடம்.”

“ஆபீசர் வரவே இல்ல.”

“வராத ஆளோட சட்டையை எப்படி மேடம் பிடிக்க முடியும்?”

“அதைத்தான் நானும் இருபத்தெட்டு வருஷமா யோசிக்கிறேன்.”

எனக்கு மோர் வந்தது. கணக்குப்பிள்ளையிடம் அவர் தாழ்ந்த குரலில் பேசினார். எனக்குக் கண்ணில்தான் புரை, காதில் இல்லை. “எங்கம்மாவும் கடைசியில இப்படித்தான். பக்கத்து வீட்டுக் கோழியைத் திருடிட்டேன்னு ஒரே அழுகை. பக்கத்து வீட்டுல கோழியே கிடையாது.”

ஆட்டோ வைத்து அனுப்பினார். ஆட்டோக்காரரிடம் மெதுவாகப் போகச் சொன்னார்.

என்னைக் குற்றவாளி என்று சொன்னால் ஏற்றுக்கொள்வேன். இந்த இரக்கத்தை என்னால் ஏற்க முடியாது.

செவ்வாய், ஜூலை 16

வசுமதி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தாள். செய்தி பரவிவிட்டது.

“தலைவர் ரொம்பக் கவலைப்படுறாரு ஆன்ட்டி. நல்லாத் தூங்குறீங்களா?”

“உக்காரு. இதைப் பாரு.” காகிதத்தில் ஏழு எழுதிக் காட்டினேன், குறுக்குக் கோட்டோடு.

“என் பொண்ணும் இப்படித்தான் எழுதுறா. அவ ஸ்கூல்ல எல்லாரும் இப்படித்தான்.”

“1996ல இந்தத் தெருவுல யாரும் எழுதல. என்னையும் மரகதத்தையும் தவிர.”

அவள் மறுக்கவில்லை. படங்களைக் கொட்டி இருவரும் தேடினோம். பதினேழு எண்களில் ஏழு வருவது இரண்டு. 57 இருந்த வீட்டை இடித்து ஃபிளாட் கட்டியாயிற்று, அதற்குப் படம் இல்லை. 47இன் மேல் மரகதத்தின் கை. கிடங்குச் சுவரில் மாசிலாமணி இரண்டு முறை சிமென்ட் பூசிவிட்டார்.

“அப்போ சாட்சி?” என்றாள் வசுமதி.

“நானே ஒத்துக்கிறேன். எதுக்குச் சாட்சி?”

“ஆன்ட்டி, எங்க மாமனார் சாகும்போதுகூட அந்தப் போராட்டத்தைத்தான் பேசினாரு. நம்பர் பொய்னு நான் மேடையில ஏறிச் சொல்லணும்னா உங்க வார்த்தை மட்டும் பத்தாது. மரகதம் அம்மா சொல்லட்டும். நம்புறேன், சொல்லவும் செய்றேன்.”

அவள் சொன்னது நியாயம். செயலாளர் வேலைக்குச் சரியானவள்தான். பூங்கா போர்டில் பெயர் இருக்கும் இடத்தைக் காலியாக விட்டுவைக்கச் சொன்னேன். 26ஆம் தேதி வெள்ளிவரை தலைவரைச் சமாளிப்பதாகச் சொன்னாள். ஹார்லிக்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

வியாழன், ஜூலை 18

கடிதம், முதல் முயற்சி: ‘சௌக்கியமா? 28ஆம் தேதி இங்கே ஒரு சிறு நிகழ்ச்சி.’ கிழித்தேன்.

இரண்டாவது: ‘உன் சுவரில் அன்று ஓர் எண் எழுதப்பட்டது.’ யாரால் என்று மதர் லியோகாடி கேட்பார். கிழித்தேன்.

மூன்றாவதில், வரிசையாக எழுதிக்கொண்டு வரும்போது நடுவில் ஒரு வீட்டை விட முடியாது என்று விளக்கம் எழுதினேன். பதினொன்றாம் தேதிக் குறிப்பில்கூட உன் வாசலில் நிற்காமல் தாண்டிப் போனதுபோலத்தான் எழுதியிருக்கிறேன். நாட்குறிப்பிலேயே ‘உன்’ என்று எழுத ஆரம்பித்துவிட்டேன். நாளை பார்க்கலாம்.

வெள்ளி, ஜூலை 19

பவுன்டன் பேனாவில் மை போட்டேன். வேறு வேலை நடக்கவில்லை.

சனி, ஜூலை 20

காலையில் பதிவுத் தபாலில் சேர்த்தேன், ஒப்புகை அட்டையோடு. நகல்:

மரகதம்,

எழுதிக் கேட்கச் சொன்னாயாம். கேட்கிறேன். அதற்கு முன் சொல்ல வேண்டியது இருக்கிறது.

உன் சுவரில் 47 எழுதியவள் நான். அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாததை எழுதுகிறேன். 46 முடித்துவிட்டு உன் வாசலில் ரொம்ப நேரம் நின்றேன். உன் வீட்டை மட்டும் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். நீ ஒருத்திதான் எங்கள் மனுவில் கையெழுத்துப் போட்டவள், உனக்கு இந்தப் பயமுறுத்தல் தேவையே இல்லை. ஆனால் உன் வீட்டை விட்டால் எழுதியது உன் சிநேகிதிதான் என்று ஊர் உடனே கண்டுபிடித்துவிடும். என்னைக் காப்பாற்றிக்கொள்ள உன் சுவரில் எழுதினேன். மற்ற பதினாறும் குறும்பு. உன்னுடையது அப்படி இல்லை.

உன் வீட்டுக்காரர் பயந்து விற்கப் பேசுகிறார் என்று தெரிந்த பிறகும் மூன்று வாரம் இருந்தது. நம் இரண்டு வாசலுக்கும் நடுவே முப்பது அடி. நான் வரவில்லை. நீ கிளம்பிய அன்று எனக்கு டூட்டி இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றேன். நீ மூன்று தடவை தட்டினாய்.

நீ ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நாற்பத்தொரு வீடு இன்றும் நிற்கிறது. அதில் ஒன்றில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்கிறேன். இந்த வார்த்தையை நான் அதிகம் எழுதியதில்லை. எழுத்து சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

இனி விஷயம். இங்கே உண்மையைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. மாசிலாமணி மோர் கொடுத்து ஆட்டோவில் அனுப்புகிறார். வசுமதி ஹார்லிக்ஸ் கொண்டுவருகிறாள். நான் செய்த ஒரே பெரிய காரியத்தை வயதான மூளையின் கோளாறு என்கிறார்கள். பத்திரிகைப் படத்தில் உன் கை மறைத்திருக்கிறது. அதற்குக் கீழே இருந்தது என்ன என்று தெரிந்தவர்கள் உயிரோடு இருப்பது நீயும் நானும்தான்.

28ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு வா, வந்து அதைச் சொல். என் வீட்டில் தங்கலாம். வரும்போது கதவு திறந்திருக்கும். மேடையில் நீ என்ன சொன்னாலும் நான் குறுக்கே பேசமாட்டேன், தேதியைத் தப்பாகச் சொன்னால்கூட. போர்டில் பெயர் எழுதவில்லை. என்ன எழுதலாம், அல்லது ஒன்றும் வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்.

வர மனமில்லை என்றால் அதையும் புரிந்துகொள்வேன். அப்படியானால் அந்த 47ஐ எழுதியது நான்தான் என்று ஒரு வரியாவது எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. போன் செய்யாதே, யாரிடமும் சொல்லி அனுப்பாதே. வருகிறாயா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கும்படி எழுத்தில் பதில் போடு.

பெனடிக்டா